வீட்டிலேயே இஞ்சி சோடா: கேஸ் ஏற்றுவது முதல் பாட்டிலில் அடைப்பது வரை

இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை மூன்றும் வீட்டில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் சாறு தயார். அதில் கேஸ் ஏற்றுவதும் இப்போது பெரிய வேலை இல்லை. கஷ்டம் அதற்கு அப்புறம்தான். ஏற்றிய கேஸ் பாட்டிலுக்குள்ளேயே தங்க வேண்டும். மூன்றாம் நாள் திறந்தாலும் சுர்ரென்று மூக்கில் ஏற வேண்டும். அதுவரை பாட்டில் வெடிக்காமலும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் சாதிப்பது குளிர்ச்சி ஒன்றுதான். கருவி சரியாக இருந்தும் சோடா சப்பென்று இருக்கிறது என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஊற்றும்போது தண்ணீர் எவ்வளவு குளிராக இருந்தது என்பதைத்தான்.

சோடாவில் இருக்கும் கேஸ் கரியமில வாயு. 4 டிகிரி குளிரில், சாதாரண காற்றழுத்தத்தில், ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 3 கிராம் கரியமில வாயுவைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அதே தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் 1.3 கிராமுக்கு மேல் ஏற்காது. அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் கரையும் அளவும் இரண்டு மடங்காகும். வில்லியம் ஹென்றி என்ற ஆங்கிலேயர் 1803-இல் சொன்ன விதி இது. சோடாத் தொழில் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. கடை சோடாவைப் போல நாக்கைச் சுள்ளென்று பிடிக்க லிட்டருக்கு 7, 8 கிராம் வேண்டும். 4 டிகிரியில் அந்த அளவுக்கு 25 முதல் 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) போதும். 30 டிகிரி அறைச்சூட்டில் 70 பிஎஸ்ஐக்கு மேல் கேட்கும்.

இதைத் திருப்பிப் பாருங்கள். ஃபிரிட்ஜில் 28 பிஎஸ்ஐயில் சாதுவாக இருக்கும் பாட்டிலை வெளியே எடுத்து மேஜை மேல் மறந்துவிட்டால், உள்ளே அழுத்தம் தானாக 70-ஐத் தாண்டிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் 100. நம் ஊர் மே மாதத்தில் இதை ஒரு நிமிடம்கூட மறக்கக் கூடாது.

முதலில் பாட்டில்

கடையில் வாங்கிக் குடித்த கலர், கோலா, சோடா ஆகியவற்றின் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில்தான் வீட்டு வேலைக்குச் சிறந்தது. விலை இல்லை, உடைந்தாலும் கண்ணாடிபோலச் சிதறாது, உள்ளே அழுத்தம் எவ்வளவு என்பதைக் கையால் அமுக்கியே தெரிந்துகொள்ளலாம். நல்ல நிலையில் இருக்கும் பாட்டில் பொதுவாக 10 பார், அதாவது 145 பிஎஸ்ஐ வரை தாங்கும். நாம் அதில் பாதியைக்கூடத் தொடப்போவதில்லை.

தண்ணீர் பாட்டிலையும் சோடா பாட்டிலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சோடா பாட்டிலின் அடிப்பாகம் பூ இதழ்போல ஐந்து காலாகப் பிரிந்திருக்கும். அழுத்தத்தில் அடி புடைத்து வெளியே தள்ளாமல் இருக்கத்தான் அந்த அமைப்பு. கழுத்தையும் பாருங்கள். மூடி திருகும் புரியில் மேலிருந்து கீழாக இடையிடையே வெட்டு இருக்கும். மூடி முழுதாகக் கழன்று வருவதற்கு முன்பே கேஸ் அந்த வெட்டு வழியாக வெளியேறிவிடும். அது இல்லாத பாட்டிலில் மூடி கண்ணை நோக்கிப் பறக்கலாம். சாதாரணத் தண்ணீர் பாட்டில் மெலிசு, அடி தட்டை. அதை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

உள்ளே கீறல், வெள்ளையாக மங்கிய மடிப்பு, கழுத்தில் நெளிவு, இதில் எது இருந்தாலும் பாட்டிலைக் கழித்துவிடுங்கள். கொதிநீர் ஊற்றிக் கழுவிய பாட்டிலும் உதவாது. பெட் பிளாஸ்டிக் 70 டிகிரிக்கு மேல் இளகிச் சுருங்கும். வெளியில் தெரியாவிட்டாலும் பலம் போயிருக்கும்.

மூடியில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய பாட்டில்களின் கழுத்து உயரம், புதியவற்றின் கழுத்து குட்டை. இரண்டின் வாயும் 28 மில்லிமீட்டர்தான் என்பதால் ஒன்றின் மூடி இன்னொன்றில் பொருந்துவதுபோலத் தோன்றும், ஆனால் சரியாக இறுகாது. எந்தப் பாட்டிலோ அதன் மூடியையே அதற்குப் போடுங்கள்.

கேஸ் ஏற்றும் கருவி

தேவையானவை நான்கு: உணவுத் தரக் கரியமில வாயு நிரப்பிய சிறிய சிலிண்டர், அழுத்தம் காட்டும் ரெகுலேட்டர், அழுத்தம் தாங்கும் ஓஸ், பெட் பாட்டில் கழுத்தில் திருகும் கார்பனேஷன் மூடி. கடைசியில் சொன்னது உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வரும். ஓஸ் முனையில் உள்ள இணைப்பை அதன் மேல் வைத்து அழுத்தினால் கேஸ் உள்ளே போகும், எடுத்தால் தானாக அடைத்துக்கொள்ளும். இத்துடன் ஓஸில் திரும்பா வால்வு ஒன்றும் போட்டுவிடுங்கள். பாட்டிலைக் குலுக்கும்போது சர்க்கரைத் தண்ணீர் பின்னால் ஏறி ரெகுலேட்டருக்குள் போனால் ரெகுலேட்டர் வீண்.

வெல்டிங் கடையில் மலிவாகக் கிடைக்கும் ரெகுலேட்டரில் ஆசை வைக்க வேண்டாம். அவற்றில் பல, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கேஸ் போகிறது என்று காட்டுபவை. நமக்கு வேண்டியது வெளியே வரும் அழுத்தம். 0 முதல் 60 பிஎஸ்ஐ வரை காட்டும், மிகை அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு உள்ள ரெகுலேட்டராகப் பார்த்து வாங்குங்கள். தீயணைப்பு சிலிண்டரில் இருப்பதும் இதே கேஸ்தானே என்று சிலர் கேட்கிறார்கள். அது குடிப்பதற்காக நிரப்பப்பட்டது இல்லை; உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ இருந்தால் நமக்குத் தெரியாது.

சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது, 20 டிகிரியில் 57 பார் அழுத்தத்தில். அதனால் எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள், சாய்த்தால் திரவம் ரெகுலேட்டருக்கு வந்துவிடும். நிழலில், கீழே விழாதபடி சுவரோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். முள் காட்டும் அழுத்தத்தை வைத்து எவ்வளவு மீதி இருக்கிறது என்று சொல்ல முடியாது. திரவம் தீரும்வரை முள் அதே இடத்தில்தான் நிற்கும். எடை போட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

இன்னொன்று மிக முக்கியம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, மணமும் கிடையாது. மூடிய சின்ன அறையில் கசிந்தால் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். ஜன்னல் திறந்திருக்கும் சமையலறையில் மட்டும் செய்யுங்கள். வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள். உலர் பனிக்கட்டியை, அதாவது கட்டியாக உறைந்த கரியமில வாயுவை, எந்தக் காரணத்துக்காகவும் பாட்டிலில் போட்டு மூடாதீர்கள். அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் கட்டுப்படுத்த முடியாது.

கழுவுவது

வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திர சோப்பு, அரைப்பிடி அரிசி. மூடிக் குலுக்கினால் அரிசியே உள்ளே தேய்த்துவிடும். பிரஷ் போட்டால் கீறல் விழும். நன்றாக அலசிய பிறகு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வாசனை சேர்க்காத பிளீச்சிங் திரவம் கலந்து, பாட்டிலிலும் மூடியிலும் இரண்டு நிமிடம் நிற்கவிட்டு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். இந்தத் திரவத்தோடு எலுமிச்சைச் சாறு சேரவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். அதனால் பாட்டிலில் பழைய சோடாவின் புளிப்பு துளி இல்லாதபடி முதலில் சோப்பால் போக்கிவிட வேண்டும்.

சாறு

2 லிட்டர் பாட்டிலில் ஒன்றரை லிட்டர் சோடா செய்வதற்கான அளவு இது: தோல் சீவிய இஞ்சி 75 கிராம், சர்க்கரை 120 கிராம், எலுமிச்சை மூன்று, உப்பு கால் டீஸ்பூன்.

இஞ்சியைத் துருவி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுப் பிசைந்து துணியில் பிழியுங்கள். பிழிந்த சாற்றை அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அதை நச்சு என்று சொல்லி நம் பாட்டிமார்கள் எப்போதும் கீழே விட்டுவிடுவார்கள். அது இஞ்சியின் மாவுச்சத்து. உடம்புக்கு என்ன செய்கிறதோ, சோடாவுக்கு அது எதிரிதான். கேஸ் குமிழி உருவாக ஒரு பிடி வேண்டும். சாற்றில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் அந்தப் பிடியாகிவிடும். துகள் அதிகமானால் மூடியைத் திறந்தவுடன் பாதி பாட்டில் நுரையாகக் கொட்டிப்போகும். தெளிந்ததை மட்டும் மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதில் சர்க்கரையும் உப்பும் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்குங்கள். தெளியவைக்காமல் கொதிக்கவிட்டால் மாவு வெந்து கஞ்சிபோல ஆகிவிடும், அப்புறம் எந்தத் துணியிலும் வடியாது. ஆறியபின் எலுமிச்சையைப் பிழிந்து, மெல்லிய வெள்ளைத் துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். நன்னாரி சோடா வேண்டுமென்றால் இந்த வேலையே இல்லை. நல்ல நன்னாரி சர்பத் தெளிவாகவே இருக்கும், அதை அளவாக ஊற்றினால் போதும்.

தண்ணீரை முன்தினமே கொதிக்கவைத்து ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கொதித்த தண்ணீரில் கரைந்திருந்த காற்று பெரும்பாலும் போயிருக்கும். காற்று மிச்சம் இருந்தால் கேஸ் கரைவதைத் தடுக்கும், திறக்கும்போது நுரையையும் கூட்டும். சாற்றையும் தண்ணீரையும் கலந்து ஒன்றரை லிட்டராக்கி, மறுபடியும் ஃபிரிட்ஜில் குறைந்தது நான்கு மணி நேரம். தெர்மாமீட்டர் இருந்தால் 4 டிகிரி காட்டும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு இங்கே ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தினால் சோடாவே போய்விடும்.

கேஸ் ஏற்றுவது

குளிர்ந்த கலவையைப் பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றுங்கள். மேலே கால் பாகம் காலியாக இருக்க வேண்டும். கேஸும் தண்ணீரும் கலந்து புரள அந்த இடம் தேவை. இப்போது பாட்டிலின் இடுப்பை அமுக்கி, திரவம் கழுத்துவரை ஏறும்படி காற்றை வெளியேற்றி, அமுக்கியபடியே கார்பனேஷன் மூடியைத் திருகுங்கள். பாட்டில் நசுங்கிய நிலையில் இருக்கும்.

ரெகுலேட்டரின் திருகை முழுவதும் தளர்த்திவிட்டு, முள்ளுக்கு நேராக முகத்தை வைக்காமல் சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறங்கள். பிறகு திருகை இறுக்கி 30 பிஎஸ்ஐயில் நிறுத்துங்கள். ஓஸை மூடியில் மாட்டியதும் நசுங்கிய பாட்டில் படாரென்று நிமிரும். முதல் தடவை கொஞ்சம் பயமாக இருக்கும், அது சாதாரணம்தான்.

ஓஸ் மாட்டியிருக்கும்போதே பாட்டிலை வேகமாகக் குலுக்குங்கள். கேஸ் உள்ளே இழுக்கப்படும் சத்தம் காதில் கேட்கும். அரை நிமிடத்தில் சத்தம் குறையத் தொடங்கும். ஒரு நிமிடம் குலுக்கியும் சத்தம் நிற்கவில்லை என்றால் எங்கோ கசிகிறது. சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். சத்தம் அடங்கியதும் ஓஸை எடுத்துவிட்டு, பாட்டிலை ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வையுங்கள். அதன்பின் மறுபடியும் மாட்டி அரை நிமிடம் குலுக்குங்கள். இந்த இரண்டாம் சுற்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே மூச்சில் குலுக்கி முடித்த சோடாவில் குமிழி பெரிதாக வந்து சட்டென்று அடங்கும். இரண்டு சுற்று ஏற்றி ஒரு இரவு ஓய்வு கொடுத்ததில் குமிழி பொடியாக, கடைசி மடக்குவரை நிற்கும்.

சின்ன பாட்டில்களுக்கு மாற்றுவது

ஏற்றிய பாட்டிலிலேயே வைத்துக் குடிப்பதுதான் நல்லது, மாற்றும் ஒவ்வொரு தடவையும் கேஸ் குறையும். ஆனால் வீட்டில் விசேஷம், ஆளுக்கொரு 250 மில்லி பாட்டில் வேண்டும் என்றால் செய்துவிடலாம்.

அப்படியானால் முதலில் 30-க்குப் பதில் 35 பிஎஸ்ஐ வைத்து ஏற்றிக்கொள்ளுங்கள், இழப்பை ஈடுகட்ட. சின்ன பாட்டில்களைக் கழுவியபின் உள்ளே ஈரம் இருக்கும்படியே கால் மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள். உலர்ந்த, சூடான சுவரில் பட்டால் சோடா உடனே நுரைத்துவிடும். பெரிய பாட்டிலைக் கடைசி ஒரு மணி நேரம் அசைக்கக் கூடாது. மூடியை மிக மெல்லத் தளர்த்தி அழுத்தத்தை முழுவதும் விடுங்கள். சின்ன பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, அதன் உள்சுவரோடு வழியும்படி நூலாக ஊற்றுங்கள். புனல் வேண்டாம், புனலில் விழுந்து சுழலும்போதே பாதி கேஸ் போய்விடும். கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் இருக்கும்போது நிறுத்தி, மெல்ல ஒரு தட்டு தட்டினால் நுரை மேலே எழும். அந்த நுரை வாய்வரை வந்த நொடியில் மூடியைத் திருகுங்கள். நுரை மேலே ஏறும்போது உள்ளே இருந்த காற்றை வெளியே தள்ளியிருக்கும், அதனால் சுவையும் கெடாது.

ஆலைகளில் பாட்டிலுக்குள் முதலில் அதே அழுத்தத்தில் கேஸை நிரப்பிவிட்டு, பிறகுதான் சோடாவை விடுவார்கள். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருப்பதால் நுரையே வராது. வீட்டுக்கும் அப்படிப்பட்ட நிரப்பிகள் உண்டு, ஆனால் மாதத்துக்கு இரண்டு முறை செய்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கண்ணாடி பாட்டில் ஆசை

கண்ணாடியில் குடிப்பது தனி சுகம்தான், ஒப்புக்கொள்கிறேன். சோடாவுக்கென்றே வார்த்த தடித்த பாட்டிலும், 26 மில்லிமீட்டர் தகர மூடியை அழுத்தும் கைக்கருவியும் இருந்தால் செய்யலாம். விளிம்பு துளி சிதைந்திருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். சர்பத் பாட்டில், ஜாம் பாட்டில், அலங்காரத்துக்கு விற்கும் கம்பி மூடி பாட்டில், சதுரமான எந்தப் பாட்டிலும் கூடாது.

கோலி சோடா பாட்டிலைக் கொண்டுவந்து, இதில் அடைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. 1870-களில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹைரம் காட் கண்டுபிடித்த அமைப்பு அது. உள்ளே இருக்கும் கேஸே கோலியைக் கழுத்து ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடி வைத்திருக்கும். தலைகீழாகக் கவிழ்த்தால்தான் கோலி கழுத்துக்கு வரும். அதனால் அதை அழுத்தத்தில் வைத்தே கவிழ்த்து நிரப்ப இயந்திரம் வேண்டும். வீட்டில் முடியாது.

சிலிண்டர் இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும், அதை மூடிய பாட்டிலில் பிடித்துவைத்தால் சோடா. செலவே இல்லாத வழி, ஆபத்தும் இதில்தான் அதிகம். கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் சர்க்கரை முழுவதும் புளித்தால் அரை கிராம் வாயு வரும். நம் சோடாவில் லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை, அதாவது 40 கிராம் வாயு. நல்ல காட்டமான சோடாவுக்கு வேண்டியதோ 8 கிராம். தடுத்து நிறுத்தாவிட்டால் ஐந்து மடங்கு அழுத்தம்வரை அது போகும்.

இந்தக் கணக்கு தெரியாத காலத்தில் நான் இரண்டு கண்ணாடி பாட்டிலில் ஈஸ்ட் சேர்த்த இஞ்சிச் சாற்றை அடைத்து சமையலறை அலமாரியில் வைத்தேன். அக்னி நட்சத்திர சமயம். மறுநாள் நள்ளிரவில் வெடித்தது. எதிர்ச் சுவரிலிருந்த மரப்பலகையில் கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. பகலில் நடந்திருந்தால் அந்த இடத்தில் யாராவது நின்றிருப்பார்கள். அன்றிலிருந்து ஈஸ்ட் என்றால் பெட் பாட்டில் மட்டும்தான்.

ஒன்றரை லிட்டர் சாற்றைக் குளிர வைக்காமல் அறைச்சூட்டில் எடுத்து, ரொட்டிக்குப் போடும் உலர் ஈஸ்ட் ஒரு சிட்டிகை கரைத்து, நான்கு விரல் இடம் விட்டு மூடுங்கள். ஒரு வாளிக்குள் வைத்துத் துணி போர்த்துங்கள். நம் வெயிலில் ஒரு நாளைக்குள் ஆகிவிடும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். பிரிக்காத புதுக் கோலா பாட்டில்போலக் கல்லாக இறுகியதும் அந்த நிமிடமே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். இரவு தூங்கிவிடுவோம் என்றால் மாலையில் தொடங்காமல் விடியற்காலையில் தொடங்குங்கள். குளிரில் ஈஸ்ட் தூங்குமே தவிர சாகாது. அதனால் தினமும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள், நான்கு நாளில் குடித்து முடித்துவிடுங்கள்.

இதில் வாயு வரும் அளவுக்கு ஆல்கஹாலும் வரும். லிட்டருக்கு 8 கிராம் வாயு வந்தால் ஆல்கஹால் ஏறக்குறைய 1 சதவீதம். குழந்தைகளுக்கும், மது தொடாதவர்களுக்கும் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சிலிண்டர் சோடா மட்டுமே கொடுக்கிறேன்.

வைப்பதும் திறப்பதும்

பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காததால் எந்த வழியில் செய்தாலும் ஃபிரிட்ஜை விட்டு வெளியே வைக்கக் கூடாது. சிலிண்டர் சோடாவை ஐந்து நாள்வரை வைத்துக் குடிக்கலாம். ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி எழுதி ஒட்டுங்கள். ஈஸ்ட் போடாத பாட்டிலும் நாள் ஆக ஆக இறுகிக்கொண்டே போனால், உள்ளே காட்டு ஈஸ்ட் புகுந்து புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மெல்லத் திறந்து கொட்டிவிடுங்கள். கேஸ் ஏற்றிய பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்துக் கெடாமல் செய்யலாம் என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தெரிந்தவர்களுக்கு விற்க நினைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டுத்தான் விற்க வேண்டும்.

வெளியூருக்கு எடுத்துப் போவதென்றால் ஐஸ் நிரப்பிய பெட்டியில் மட்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி நேரம் அசையாமல் குளிரில் வைத்து, முகத்தைத் தள்ளிவைத்து, மூடியைக் கால் திருகு திருகி நிறுத்துங்கள். சுர்ரென்ற சத்தம் அடங்கட்டும், அடுத்த கால் திருகு. நுரை கழுத்தைத் தொட்டால் உடனே இறுக்கிவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். டம்ளரில் ஐஸ் போடுவதானால் முதலில் அதைக் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசிப் போடுங்கள், பனித்தூள் ஒட்டிய கட்டியில் பட்டால் கேஸ் வீணாக நுரைத்துப் போகும். காலியான பாட்டிலை உடனே அலசிக் கவிழ்த்துவிடுங்கள். ஒரே பாட்டிலைப் பத்துத் தடவைக்கு மேல் நான் பயன்படுத்துவதில்லை; ஒவ்வொரு தடவையும் கழுத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்கிறேன்.